பின்வரிசையில் பெரியவர்கள்

எங்கள் சங்கக் கூட்டத்தில் பெரியவர்களுக்கு ஓட்டு கிடையாது. பேசுவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்கு வடக்கே உள்ள எங்கள் கவுண்டியில், மாதம் ஒரு மாலை ஒரு தேவாலயக் கூடத்தில் கூடுகிறோம். முன்னால் ஒரு மேசை. அதற்குப் பின்னால் தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், செய்தியாளர். ஐந்து பேருமே பள்ளிப் பிள்ளைகள். தலைவர் கையில் ஒரு மரச்சுத்தியல். அவள் தட்டினால் கூட்டம் தொடங்கும், மறுபடி தட்டினால் முடியும். பெற்றோர்களும் ஆலோசகர்கள் என்று பெயர் கொண்ட என் போன்றவர்களும் சுவரோரமாகப் போட்ட மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம்.

எங்களுடையது ஃபோர்-எச் சங்கம். அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. தலை, இதயம், கைகள், உடல்நலம் என்ற நான்கு சொற்களும் ஆங்கிலத்தில் எச் எழுத்தில் தொடங்குகின்றன, அதுதான் பெயர். பச்சை நிற நான்கிலைச் செடி சின்னம். எங்கள் மாநிலத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிலிருந்து பள்ளிப் படிப்பை முடிக்கும் இளைஞர் வரை உறுப்பினராகலாம். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டியில்லாத தனிப் பிரிவு உண்டு. நாடு முழுக்க ஏறத்தாழ 60 லட்சம் பிள்ளைகள் ஏதோ ஒரு வகையில் இதில் இருக்கிறார்கள். அந்தந்த மாநிலத்தில் வேளாண் விரிவாக்கப் பணி செய்யும் பல்கலைக்கழகம்தான் இதை நடத்துகிறது. எங்களுக்கு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம். ஆனால் பல்கலைக்கழகம், அலுவலகம், நிதி எல்லாம் தூரத்தில் இருப்பவை. பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவது அந்த மாதாந்திரக் கூட்டமும், ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்ட வேலையும்தான்.

கூட்டத்துக்கு ஒழுங்குமுறை உண்டு. உறுதிமொழி முடிந்ததும் செயலாளர் பெயர் வாசிப்பார். ‘உள்ளேன்’ என்று சொன்னால் போதாது. அன்றைக்கு ஒரு கேள்வி இருக்கும், பிடித்த காய்கறி எது என்பது மாதிரி. எல்லோருக்கும் முன்னால் வாயைத் திறக்கப் பயப்படும் எட்டு வயதுக் குழந்தையும் ‘கேரட்’ என்று சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் மாதம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன பிள்ளை, மூன்றாவது மாதம் தனியாக எழுந்து நின்று சொல்லும். பிறகு போன கூட்டத்தின் குறிப்பு, வரவு செலவு, பாக்கி வேலை, புது வேலை. யாராவது ஒரு தீர்மானத்தை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், அப்புறம்தான் விவாதம். ஹென்றி ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876-ல் வெளியிட்ட கூட்ட விதிகள்தான் அடிப்படை. ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, அது கட்டுக்குள் நிற்காமல் போன அனுபவத்தில் அவர் அந்த விதிகளைப் படிக்கத் தொடங்கினார் என்பார்கள். பெரியவர்களின் சபைகளுக்காக எழுதியதை ஒன்பது வயதுப் பிள்ளைகள் தண்ணீர்பட்ட பாடாகச் சொல்கிறார்கள்.

ஒரு கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கவுண்டி ஃபேர் என்ற ஆண்டுக் கண்காட்சிக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட வேண்டும், அவரவர் பணத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெண் முன்மொழிந்தாள். வழிமொழிந்தாயிற்று. பெரிய பிள்ளைகளுக்கெல்லாம் சம்மதம். அப்போது ஒரு ஒன்பது வயதுப் பையன் கை தூக்கினான். தன் பெயர் கூப்பிடப்படும் வரை காத்திருந்து, “எங்க வீட்டில மூணு பேர் இந்தச் சங்கத்துல இருக்கோம். மூணு ஷர்ட் வாங்கணும்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். கூடம் கொஞ்ச நேரம் யோசித்தது. பின்வரிசையில் ஒரு அப்பா, தானே எல்லோருக்கும் வாங்கித் தருவதாகச் சொல்ல எழுந்தார். நல்ல மனசுதான். ஆனால் தலைவி, பதினாறு வயதுப் பெண், தணிந்த குரலில் தடுத்தாள்: “மன்னிக்கணும், இது உறுப்பினர்கள் பேசுற நேரம். நீங்க சொல்றதக் கூட்டம் முடிஞ்சதும் கேட்டுக்கிறோம்.” அவர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு இன்னொரு பிள்ளை திருத்தம் கொண்டுவந்தது: பாதி விலையைச் சங்கக் கணக்கிலிருந்து கொடுக்கலாம். பொருளாளர் நோட்டைப் புரட்டி, அப்படிக் கொடுத்தால் கோடைக் கடைசியில் விருந்துக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று சொன்னான். விருந்தில் பீட்சா வேண்டுமா, சாதாரண சாண்ட்விச் போதுமா என்று பேச்சு நீண்டது. தலைவிக்குத் திருத்தம் பிடிக்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. ஆனால் சுத்தியல் கையில் இருக்கும்வரை அவள் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. அவள் ஓட்டு முடிவை மாற்றும் நிலை வந்தாலொழிய ஓட்டுப் போடுவதும் வழக்கமில்லை. எண்ணினாள். திருத்தம் ஜெயித்தது. “தீர்மானம் நிறைவேறியது” என்று அறிவித்து மேசையைத் தட்டினாள். தனக்குப் பிடிக்காத முடிவைத் தன் வாயாலேயே அறிவித்து, அதைத் தானே நடத்திக் காட்டும் தலைமையை நான் அலுவலகங்களில்கூட அதிகம் பார்த்ததில்லை.

அந்த அப்பா ஷர்ட் வாங்கித் தந்திருந்தால் பிரச்சினை இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு ஷர்ட் கிடைத்திருக்கும், வேறொன்றும் கிடைத்திருக்காது. உண்மையான பணம், உண்மையான உயிர், உண்மையான முடிவு இவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் பின்னால் நகர்ந்துகொள்வதில்தான் இந்தச் சங்கத்தின் பலமே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். தலைமைப்பண்பு பற்றி எவ்வளவு வகுப்பு எடுத்தாலும் அதற்கு ஈடாகாது.

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடிய ஸ்பிரிங்ஃபீல்டில், 1902 ஜனவரியில், ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கவுண்டி நீதிமன்றக் கட்டிடத்தின் அடித்தளத்தில் பிள்ளைகளைக் கூட்டினார். பத்திலிருந்து பதினைந்து வயது வரை உள்ளவர்கள், சுமார் 85 பேர். ஆளுக்குக் கொஞ்சம் மக்காச்சோள விதை, காய்கறித் தோட்டம், மண்ணின் புளிப்புத்தன்மையைச் சோதிக்க லிட்மஸ் காகிதம். பாடப்புத்தகத்தில் இல்லாத பாடத்தைத் தங்கள் சொந்த நிலத்திலேயே படிக்கவைத்தார். அதே ஆண்டு மின்னசோட்டாவில் டி. ஏ. எரிக்சன் என்பவரும் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இப்படி ஒன்றைத் தொடங்கினார். அயோவாவில் ஜெஸ்ஸி ஃபீல்டு என்ற ஆசிரியை, நன்றாகச் செய்த பிள்ளைகளுக்குக் குத்திக்கொள்ள ஒரு இலைச் சின்னம் வடிவமைத்தார். முதலில் அதற்கு மூன்று இலைதான். நான்காவது பிற்பாடு முளைத்தது.

ஏன் பிள்ளைகள்? பல்கலைக்கழகங்கள் புது விதையையும் புது முறையையும் கொண்டுபோனால், அனுபவப்பட்ட விவசாயி நம்பவில்லை. இத்தனை வருஷமாக உழுகிறவனுக்குப் புத்தகம் படித்தவன் வந்து சொல்வதா என்ற கேள்வி எந்த நாட்டு விவசாயிக்கும் வரும். ஆனால் ஒரு பையன் ஓர் ஏக்கரில் செய்து பார்த்து, அவன் வயலில் கதிர் பெருத்து நின்றால், அடுத்த வரப்பில் நிற்கும் அப்பாவால் பார்க்காமல் இருக்க முடியாது. 1910-ல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற சிறுவன் ஓர் ஏக்கரில் 228 புஷல் மக்காச்சோளம் எடுத்தான். பெரியவர்கள் எடுத்ததைவிடப் பல மடங்கு. அதே மாநிலத்தில் மரீ குரோமர் என்ற ஆசிரியை பெண் பிள்ளைகளுக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் தக்காளி போட்டு, டப்பாவில் அடைத்து விற்கச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண் பிள்ளை தன் பெயரில் காசு பார்த்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் பாட்டிமார்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. 1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து, வேளாண் விரிவாக்கப் பணிக்கு அரசு நிதி கிடைத்தபோது, இந்தச் சங்கங்களுக்கும் நிலையான வீடு கிடைத்தது.

எல்லாமே பெருமைக்குரிய வரலாறு இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிச் சங்கம், தனி முகாம், குறைந்த பணம் என்றுதான் பல பத்தாண்டுகள் ஓடின. 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகே அது மாறத் தொடங்கியது. நான்கிலைச் சின்னத்தைப் பற்றிப் பேசும் எவரும் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

என் மகள் பத்து வயதில் ஆடு வளர்க்கிறேன் என்று நின்றாள். நான் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி; எங்கள் வீட்டில் ஆடு இல்லாத காலம் கிடையாது. போனில் சொன்னதும் அம்மா, “ஏன் கண்ணு, ஆடு மேய்க்கிறதுக்கா அம்புட்டு தூரம் போனீங்க?” என்றார். ஆனால் அடுத்த வாரமே வீடியோவில் குட்டியைக் காட்டச் சொன்னார். “வாயத் தொறந்து காட்டச் சொல்லு. பல்லு போட்டிருச்சா?” பால்பல்லோடு இருந்தால் குட்டி, முன்னால் இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்தால் ஒரு வயது தாண்டியது, அப்புறம் நாலு பல், ஆறு பல் என்று அம்மாச்சி பேத்திக்கு வயசுக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். இங்கேயும் கறிக்கான ஆட்டுப் பிரிவில் பால்பல் இருக்கிறதா என்று வாயைத் திறந்துதான் பார்க்கிறார்கள். அந்த வருடம் ‘ஸ்கில்லத்தான்’ என்ற செய்முறைத் தேர்வில், தாடை எலும்புகளை வைத்து வயதைச் சொல்லச் சொன்னபோது மகள் தடுமாறவே இல்லை.

எங்களுக்குத் தோட்டமோ கொட்டிலோ கிடையாது. வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில் இருக்கிறோம். சங்கத்தில் உள்ள ஒரு பண்ணைக் குடும்பம் தங்கள் கொட்டிலில் ஒரு பகுதியைக் கொடுத்தது. அதில் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரின் ஆடுகள். தினமும் நான்கு பேரும் போவது நடக்காத காரியம் என்பதால் முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு யார் தீவனம், யார் தண்ணீர், யார் சாணி வாருவது என்று ஒரு அட்டை, கதவில் தொங்கும்.

ஜூலை மாதத்து வெயில் நாளொன்றில் ஒரு பிள்ளை தண்ணீர் வைக்க மறந்துவிட்டது. மாலை முறைக்காரப் பெண் போனபோது தொட்டி காய்ந்து கிடந்தது, ஆடுகள் நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அவள் தண்ணீர் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்லவில்லை. மற்ற மூவரையும் மறுநாள் கொட்டிலுக்கே வரச் சொன்னாள். நான் காரில் உட்கார்ந்திருந்தேன். சண்டை போடுவார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் போட்டார்கள். அழுகையும் இருந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்து, அட்டையில் வேலைக்குப் பக்கத்தில் நேரமும் கையெழுத்தும் போட ஒரு கட்டம் சேர்த்தார்கள். முடியாத நாளில் யாருக்கு முதலில் போன் செய்வது என்று ஒரு வரிசையும் எழுதினார்கள். தவறியவனை ஒதுக்கவில்லை, அவன் முறையைப் பிடுங்கவும் இல்லை. கூட்டு வேலை என்றால் எல்லோரும் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது என்று நினைப்பவர்கள் அந்தக் கொட்டிலுக்கு ஒருமுறை வர வேண்டும்.

வெள்ளாட்டுக்குப் பெரிய எதிரி வயிற்றில் இருந்து ரத்தம் குடிக்கும் புழு. எல்லா ஆட்டுக்கும் எப்போதும் மருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். அதனால் தென் ஆப்பிரிக்காவில் ஒரு எளிய முறையைக் கண்டுபிடித்தார்கள். ஆட்டின் கீழ் இமையை விரலால் மெல்ல இறக்கி, உள்ளே உள்ள சவ்வின் நிறத்தை ஐந்து நிறங்கள் உள்ள ஒரு அட்டையோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பு என்றால் ரத்தம் இருக்கிறது. வெளுக்க வெளுக்க ஆபத்து. மகள் அந்த அட்டையைப் பையிலேயே வைத்திருப்பாள். மங்கிய வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது, இமையை அழுத்திப் பிடித்தால் நிறம் ஏமாற்றும் என்றெல்லாம் எனக்கே சொல்லிக்கொடுத்தாள். மருந்து கொடுத்தால் தேதி, அளவு, அது கறியிலிருந்து நீங்க எத்தனை நாள் ஆகும் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். கண்காட்சிக்கு முன்னால், மருந்து பற்றிய படிவத்தில் பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கறியை யாரோ சாப்பிடப் போகிறார்கள். இந்தக் கையெழுத்து அவர்களுக்குக் கொடுக்கும் வாக்கு. பன்னிரண்டு வயதில் இதற்குமேல் என்ன பொறுப்பு வேண்டும்?

குறிப்பேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே சாதனை என்பது அதில்தான் இருக்கிறது. வாங்கியபோது எடை, கடைசி எடை, நடுவில் எத்தனை நாள். வகுத்தால் ஒரு நாள் வளர்ச்சி. தீவனச் செலவு, வைக்கோல், மருத்துவர், போக்குவரத்து. ஆண்டு முடிவில் லாபமா நஷ்டமா என்று ஒரு வரி. என் மகளின் முதல் வருடத்தில் அந்த வரியில் நஷ்டம் என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே, அடுத்த வருடம் என்ன மாற்றுவாய் என்று ஒரு கேள்வி. அதற்கு ஒரு பக்கம் எழுதியிருந்தாள். பரிசும் பெரும்பாலும் ஒருவரைத் தள்ளி ஒருவர் ஏறும் முறையில் வருவதில்லை. டேனிஷ் முறை என்பார்கள்: ஒரு தரத்தை வைத்துக்கொண்டு, அதை எட்டியவர்கள் அனைவருக்கும் நீல ரிப்பன், அதற்கு அடுத்து சிவப்பு, பிறகு வெள்ளை. பத்துப் பேர் நன்றாகச் செய்தால் பத்துப் பேருக்கும் நீலம். முதல் மதிப்பெண் ஒருவனுக்குத்தான் என்ற பள்ளிக்கூடத்தில் வளர்ந்த எனக்கு இது பழகச் சில காலம் ஆனது. இப்போது இதுவே சரி என்று தோன்றுகிறது.

களத்தில் இறங்கினால் வேறு கதை. ஷோமேன்ஷிப் என்ற பிரிவில் ஆட்டுக்கு மதிப்பெண் இல்லை, அதை நடத்தும் பிள்ளைக்குத்தான். நடுவர் பக்கத்தில் வந்து கேட்பார்: தீவனத்தில் புரதம் எத்தனை சதவீதம்? போயர் இனம் எந்த நாட்டிலிருந்து வந்தது? அப்புறம் எல்லோரையும் திணறடிக்கும் கேள்வி: உன் ஆட்டில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய்? அன்பாக வளர்த்த உயிரின் குறையை, ஊர் முன்னால், தெளிவாகச் சொல்ல வேண்டும். “பின்தொடை இன்னும் அகலமா இருந்திருக்கலாம்” என்று மகள் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

இதைவிட எனக்குப் பிடித்தது கால்நடை மதிப்பீட்டுக் குழு. பிள்ளைகள் குழுவாகப் போவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு விலங்குகள். முதலிலிருந்து நான்காவது வரை வரிசைப்படுத்த வேண்டும். சுற்றுக்கு 50 மதிப்பெண். வரிசைப்படுத்தும்போது பேசக் கூடாது; குழுவாக வந்தாலும் கண்ணும் முடிவும் அவரவருடையது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் நடுவர் முன்னால் தனியாக நின்று, கையில் சீட்டு இல்லாமல், இரண்டு நிமிடத்துக்குள் தன் வரிசைக்குக் காரணம் சொல்ல வேண்டும். அதில் ஒரு விதி உண்டு. இரண்டாவதாக வைத்த விலங்கைவிட முதலாவது ஏன் சிறந்தது என்று சொல்லி முடித்ததும், அந்த இரண்டாவது எந்த விஷயத்தில் முதலாவதைவிட நன்றாக இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். “இதன் முதுகு நேராக இருப்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் தசை குறைவு என்பதால் இரண்டாவதாக வைத்தேன்.” ஒப்புக்கொள்ளாமல் விட்டால் காரணம் முழுமையாகாது.

பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், வீட்டில் எதற்கெடுத்தாலும் கத்துகிறவன் என்று அவன் அம்மாவே சொல்வார், பயிற்சியில் எங்கள் முன்னால் நின்று இப்படிப் பேசினான். முதல் தடவை ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில் நின்றுவிட்டான். தான் கழித்த ஆட்டில் நல்லது எதுவும் கண்ணில் படவில்லை. பயிற்சியாளராக இருந்த கல்லூரி மாணவி அவனைத் திட்டவில்லை. “போய் இன்னொரு தடவை பாத்துட்டு வா” என்றாள். அவன் வேலிக்குப் போய், குனிந்து, அந்த ஆட்டின் கால்களை வெகுநேரம் பார்த்தான். திரும்பி வந்து, “நடை சுத்தமா இருக்கு, அத நான் கவனிக்கல” என்றான். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அண்ணனோடு வாதம் வந்தபோது, ‘நீ சொல்றதுல இது சரி’ என்று தொடங்கிப் பேசினானாம். அவன் அம்மா மறுநாள் எனக்கு போன் போட்டுச் சொன்னார்.

கோடை முகாமில் பெரிய பிள்ளைகள்தான் சின்னவர்களுக்குப் பொறுப்பு. பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, நேர்காணலுக்கு வந்து, பயிற்சி எடுத்துத்தான் பொறுப்பாளர் ஆகலாம். ராத்திரியில் அம்மா வேண்டும் என்று அழும் எட்டு வயதுப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது அவர்கள் வேலை. பெரியவர்கள் முகாமில் இருப்பார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.

ஆலோசகராகச் சேர எனக்கும் விண்ணப்பம், பின்னணிச் சோதனை, கைரேகை எல்லாம் எடுத்தார்கள். அது அவசியம் என்றே நினைக்கிறேன். பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கொடுக்கும் இடத்தில் பெரியவர்கள் யார் என்பதில் கண்டிப்பு இருக்க வேண்டும்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு லெர்னர் குழு 2002-லிருந்து பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தது. ஃபோர்-எச் பிள்ளைகள் தங்கள் ஊருக்கு ஏதாவது செய்வதில் மற்றவர்களைவிடப் பல படி முன்னால் இருப்பதாகச் சொன்னது. அந்த ஆய்வில் ஃபோர்-எச் அமைப்பின் பணமும் இருந்தது. மேலும், பிள்ளையை வாராவாரம் கொட்டிலுக்கு ஓட்டிக்கொண்டு போகும் பெற்றோர் வீட்டில் அக்கறை ஏற்கெனவே இருக்கும். அதனால் எல்லாப் புகழையும் சங்கத்துக்கே கொடுக்க மாட்டேன். வேறு கவலையும் உண்டு. வசதியுள்ள சில வீடுகளில் விலை உயர்ந்த ஆட்டை வாங்கி, ஆள் வைத்து வளர்த்து, கண்காட்சி நாளில் கயிற்றை மட்டும் பிள்ளை கையில் கொடுக்கிறார்கள். கேள்வி கேட்கும் தேர்வுகள் அதற்குத்தான் இருக்கின்றன. புரதம் எத்தனை சதவீதம் என்று நடுவர் கேட்கும்போது அப்பாவைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளையை எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கண்காட்சியின் கடைசி நாள் ஏலம். ஊர்க் கடைக்காரர்களும் நிறுவனங்களும் சந்தை விலைக்கு மேலே கொடுத்து வாங்குவார்கள். பிள்ளைகளின் படிப்புக்கென்று அது ஒரு ஆதரவு. கிடாய் லாரியில் ஏறிப் போகும். மகள் அழுதாள். நான் கிராமத்தில் அழுததைப் போலவேதான். வாங்கியவருக்குக் கைப்பட நன்றிக் கடிதம் எழுதுவது வழக்கம். என் மகள் முதல் வருடம் கடிதத்தில் அந்த ஆட்டுக்குப் பிடித்த தீவனம் எது என்று எழுதியிருந்தாள்.

இந்தியாவின் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இந்தப் பல்கலைக்கழக அமைப்பைப் பார்த்து உருவானவைதான். 1960-ல் பந்த்நகரில் தொடங்கியது முதலாவது. பல்கலைக்கழகமும் விரிவாக்கப் பணியும் வந்தன. பிள்ளைகளின் சங்கம் மட்டும் அந்த அளவுக்கு வேர் விடவில்லை. நம்மிடம் வேறு நல்லவை இருக்கின்றன. சாரணர் இயக்கம் இருக்கிறது. 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் நானே இருந்தேன்: இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். பக்கத்துக் கிராமத்தில் வாய்க்கால் தூர்வாரினோம், அந்த ஏழு நாளில் கிடைத்த தோழிகள் இன்றும் தோழிகள். ஆனால் முகாம் பணத்தை எதற்குச் செலவழிப்பது, எந்த வாய்க்காலை எடுப்பது, சமையலுக்கு என்ன வாங்குவது என்று எங்களை யாரும் கேட்டதில்லை. எல்லாம் முடிவாகி வரும், நாங்கள் மண்வெட்டி எடுப்போம். ஊரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னேன். “அக்கா, பிள்ளைங்க கையில பணத்தக் கொடுத்தா நான்தான் ஆடிட்டுக்குப் பதில் சொல்லணும்” என்றான். நியாயம்தான். ஆனால் யோசித்து, தேசிய பசுமைப்படை மாணவர்களிடம் மரக்கன்று வாங்கும் பொறுப்பை மட்டும் கொடுத்துப் பார்த்தான். எந்த நர்சரியில் என்ன விலை என்று விசாரிப்பது, எது வாங்குவது என்று கூடிப் பேசி முடிவெடுப்பது, ரசீது ஒட்டுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது எல்லாம் அவர்களே. பிள்ளைகள் புங்கன் வேண்டாம், நாவல் வேண்டும் என்று ஓட்டெடுத்தார்களாம், பழம் கிடைக்கும் என்பதற்காக.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் பிள்ளைகள் கணிதப் போட்டிக்கும் எழுத்துக்கூட்டல் போட்டிக்கும் போகிறார்கள், போகட்டும். ஆடு மாடு வேண்டாம் என்றாலும் இங்கே ரோபாட், தையல், போட்டோ, ராக்கெட், சமையல், நாய்ப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. உங்கள் கவுண்டியின் எக்ஸ்டென்ஷன் எனப்படும் விரிவாக்கப் பணி அலுவலகத்தில் கேட்டால் பக்கத்தில் எந்தெந்தச் சங்கம் இருக்கிறது என்று சொல்வார்கள். பட்டியலில் இல்லாததையும் பிள்ளை தானே திட்டமிட்டுச் செய்ய ஒஹாயோவில் ஒரு பிரிவு இருக்கிறது. எங்கள் சங்கத்தில் ஒரு தமிழ்ப் பையன் அதில் கறிவேப்பிலையை எடுத்திருக்கிறான். பனி கொட்டும் ஊரில் அந்தச் செடியைத் தொட்டியில் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் அவன் கேள்வி. இரண்டு செடி, ஒன்று ஜன்னலோரம், ஒன்று செயற்கை விளக்கின் கீழ். வாரந்தோறும் புதுக் கொழுந்து எத்தனை என்று எண்ணி எழுதுகிறான். ஜன்னலோரச் செடி ஜனவரியில் இலை முழுக்க உதிர்த்தது. செத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, தண்ணீரைக் குறைத்து அப்படியே விட்டான். ஏப்ரலில் அடியிலிருந்து துளிர்த்தது. அந்தச் செடியை முன்பின் பார்த்திராத நடுவர் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அவன் தாளித்துக் காட்டப் போகிறான். மின் அடுப்பு கொண்டுவரலாமா என்பது தீர்மானமாக வந்து, வழிமொழியப்பட்டு, எதிர்ப்பில்லாமல் நிறைவேறியிருக்கிறது.